ஹரே கிருஷ்ணா இயக்கம் மேற்கில் வளர்ந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, லண்டன் என்று போய்வந்தவர்கள், யூடியூபில் வேட்டி கட்டி மிருதங்கம் அடிக்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தவர்கள், கல்லூரியில் யாரோ கையில் கீதையைக் கொடுத்து நன்கொடை கேட்டதில் குழம்பியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் தட்டுவதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் அந்த இயக்கத்தில் இல்லை, எதிரியும் இல்லை. அவர்களுடைய கோயில்களுக்குப் போவேன், சாப்பிடுவேன், அவர்களைப் பற்றிக் கிடைப்பதை எல்லாம் படிப்பேன், அவ்வளவுதான்.

இஸ்கான், ஹரே கிருஷ்ணா இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். தமிழில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அகில உலக கிருஷ்ண பக்தி இயக்கம். தெருவில் பாடுகிற மந்திரத்தை வைத்து ஊர் வைத்த பெயர் ஹரே கிருஷ்ணா. சங்கமாகப் பதிவானது 1966 ஜூலையில், நியூயார்க்கில். கொள்கை 16-ஆம் நூற்றாண்டு வங்காளத்தின் சைதன்ய மகாபிரபுவுடையது, அதை கௌடிய வைணவம் என்பார்கள்.

பலர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள், அதாவது இந்தியாவில் பெரிதாக இருந்த அமைப்பு வெளிநாட்டில் கிளை திறந்தது என்று. நடந்தது வேறு. அமைப்பு பிறந்ததே அமெரிக்காவில். மாயாப்பூர், பிருந்தாவனம், மும்பை ஜுஹு கோயில்கள் எல்லாம் 1970-களில், அமெரிக்க, ஐரோப்பியச் சீடர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டியவை.

ஆரம்பித்தவர் 69 வயதில் கையில் காசில்லாமல் கப்பலேறினார் என்கிறார்களே, கதையா நிஜமா?

நிஜம். அபய் சரண் தே, 1896-ல் கல்கத்தாவில் பிறந்தவர். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்து, மருந்து வியாபாரம் செய்த குடும்பஸ்தர். 1922-ல் அவர் சந்தித்த பக்திசித்தாந்த சரஸ்வதி, முதல் சந்திப்பிலேயே “ஆங்கிலத்தில் போய்ச் சொல்லுங்கள்” என்று ஒரு வேலையைத் தலையில் வைத்துவிட்டார். அதைக் கையில் எடுக்க 40 வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் வியாபாரம் படுத்தது, 1944-ல் யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார், 1959-ல் சந்நியாசம் வாங்கினார். பிருந்தாவனத்தில் ராதா தாமோதர் கோயிலின் ஓர் அறையில் உட்கார்ந்து பாகவதத்தை ஆங்கிலத்தில் எழுதி, முதல் ஸ்கந்தத்தை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். இவரைத்தான் பின்னால் பிரபுபாதர் என்று உலகம் அழைத்தது.

சிந்தியா கப்பல் கம்பெனியை நடத்திய சுமதி மொரார்ஜி, ‘ஜலதூதா’ என்ற சரக்குக் கப்பலில் இலவச இடம் கொடுத்தார். “இந்த வயதில் போகாதீர்கள்” என்று அவரே தடுத்தும் பார்த்திருக்கிறார். 1965 ஆகஸ்ட் 13 அன்று கல்கத்தாவில் கிளம்பிய கப்பலில் இரண்டு முறை மாரடைப்பு. செப்டம்பர் 1-ம் தேதி 69 வயது நிறைந்தது கடலின் நடுவில். செப்டம்பர் 17-ல் பாஸ்டன், அங்கிருந்து நியூயார்க். கையிலிருந்த பணம் 40 ரூபாய், அதையும் அமெரிக்காவில் செலவழிக்க வழியில்லை. கூடப் போனது புத்தகப் பெட்டிகள்தான்.

இவருக்கு முன்பே விவேகானந்தர், யோகானந்தர் எல்லாம் போனார்களே, இவருக்கு மட்டும் ஏன் தெருவில் கூட்டம் சேர்ந்தது?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வியும் இதுதான். விவேகானந்தர் 1893-ல் பேசியதும் யோகானந்தர் 1920-க்குப் பிறகு பேசியதும் அரங்குகளில், பெரும்பாலும் படித்தவர்களிடம். வேதாந்தம் கேட்டுவிட்டு மக்கள் வீட்டுக்குப் போனார்கள். பிரபுபாதர் கொண்டுபோனது வந்த அன்றே சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. உட்கார், தாளத்தை எடு, பாடு, அப்புறம் சாப்பிடு. அவ்வளவுதான் நுழைவுத் தேர்வு. தத்துவ வகுப்பும் உண்டு, கீதை வகுப்பை அவர் விட்டதே இல்லை, ஆனால் அது பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வந்தது.

காலமும் கூடிவந்தது. வியட்நாம் போர், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள், எல்.எஸ்.டி. மாத்திரை, அப்பா அம்மாவின் கார், வீடு, வங்கிக் கணக்கு வாழ்க்கை மேல் ஒரு சலிப்பு. முதல் ஒரு மாதம் பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சிறிய ஊரில் ஓர் இந்தியக் குடும்பத்தோடு தங்கினார், அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நியூயார்க்கிலும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இடத்தில் கூடத் தங்கியிருந்த பையன் போதையில் புத்தி பேதலித்துப்போக, உயிருக்குப் பயந்து வெளியேற வேண்டியிருந்தது. அதன் பிறகு 1966-ல் கிடைத்ததுதான் செகண்ட் அவென்யூ 26-ம் எண் கடை. முன்பிருந்த கடைக்காரர் விட்டுப்போன “மேட்ச்லெஸ் கிஃப்ட்ஸ்” பெயர்ப்பலகையை யாரும் கழற்றவில்லை, ‘ஒப்பில்லாத பரிசுகள்’ என்ற பலகையின் கீழேதான் முதல் கோயில் நடந்தது. சாமியார் தானே சமைத்தார். குலாப் ஜாமூனை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருப்பார்கள், போதையை விடமுடியாமல் தவித்தவர்கள் அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ‘இஸ்கான் புல்லட்’ என்று பெயர். சீடர்கள் அடித்த ஒரு துண்டுப் பிரசுரம் “எப்போதும் உச்சத்திலேயே இருங்கள், இனி இறங்கவே வேண்டாம்” என்று போதைக்காரர் பாஷையிலேயே பேசியது. உள்ளே போனால் முதல் விதி, போதை கூடாது!

அந்த அக்டோபரில் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவில் ஒரு எல்ம் மரத்தடியில் பாடத் தொடங்கினார்கள். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் வந்து சேர்ந்து பாடினார். 1967 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் கிரேட்ஃபுல் டெட் போன்ற ராக் குழுக்களோடு ஒரே மேடையில் ஹரே கிருஷ்ணா மந்திரம் ஒலித்தது. அந்த ஊர் ஹிப்பிகளின் தலைநகர். அதன் பிறகு ஆள் பிடிக்க அலையத் தேவையில்லாமல் போனது.

பீட்டில்ஸ் குழுவே இதில் சேர்ந்துவிட்டதாமே?

இல்லை. பீட்டில்ஸ் என்ற அந்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1968-ல் ரிஷிகேசம் போனது மகரிஷி மகேஷ் யோகியிடம், அது வேறு கதை. இங்கே சம்பந்தப்பட்டவர் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ஒருவர்தான். 1968-ல் மூன்று அமெரிக்கத் தம்பதிகள் லண்டன் போய், பிரபலமான ஒருவரைப் பிடித்தால்தான் வேலை நடக்கும் என்று பீட்டில்ஸ் அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 1969-ல் ஹாரிசன் தயாரிப்பில் பீட்டில்ஸின் சொந்த இசைத்தட்டு நிறுவனமான ஆப்பிள் வெளியிட்ட மந்திர இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் 20-க்குள் வந்தது. அடுத்த வருடம் அவருடைய ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டின் பின்னணிக் குரல்களில் ஹரே கிருஷ்ணா கேட்டது. 1973-ல் லண்டனுக்கு வெளியே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய மாளிகையையே வாங்கிக் கொடுத்தார், அதுதான் பக்திவேதாந்த மேனர். முறைப்படி தீட்சை மட்டும் அவர் வாங்கவில்லை.

உள்ளே போனால் என்ன கட்டுப்பாடு? வெங்காயம் கூடக் கூடாதாமே?

தீட்சை வாங்கியவருக்கு நான்கு விதி: மாமிசம், மீன், முட்டை கூடாது, போதை கூடாது, அதில் காபி, டீயும் சேர்த்தி, சூதாட்டம் கூடாது, திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது. இதோடு தினமும் 108 மணி மாலையில் 16 சுற்று ஜபம், அதாவது மந்திரத்தை 1,728 முறை சொல்ல வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கோயிலில் தங்கினால் விடிகாலை நாலரைக்கு மங்கள ஆரத்தி. வெங்காயம், பூண்டு சமையலறைப் பக்கமே வராது. ஃபில்டர் காபி இல்லாமல் விடியாத நம்மாட்கள் பலர் தீட்சை வரை போகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விமான நிலையத்தில் வழி மறித்துப் புத்தகம் விற்றவர்கள் இவர்கள்தானே? ஏன் அப்படி?

இவர்களேதான். பிரபுபாதருக்குப் புத்தகம் என்றால் உயிர். 1972-ல் தனியாக ஒரு பதிப்பகமே வைத்தார். பகலில் உலகம் சுற்றிவிட்டு நள்ளிரவில் எழுந்து மொழிபெயர்ப்பார். “புத்தகத்தை வினியோகியுங்கள்” என்பது சீடர்களுக்குக் கட்டளை, அதில் வந்த பணத்தில்தான் கோயில் வாடகை, சாப்பாடு, இந்தியாவில் நிலம் எல்லாம். 1970-களின் நடுவில் அது கோயிலுக்குக் கோயில் போட்டியாகவே மாறியது. காவியையும் சிகையையும் பார்த்து மக்கள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று விக் வைத்து, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு விமான நிலையங்களில் நின்றார்கள். பயணியின் சட்டையில் ஒரு பூவைக் குத்திவிட்டுக் காசு கேட்பது, என்ன புத்தகம் என்று சொல்லாமல் கையில் திணிப்பது எல்லாம் நடந்தது. அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் வெகுகாலம் இவர்கள் கேலிப் பொருளானது இதனால்தான். நம்பிக்கையைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைவு, விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவனின் எரிச்சல்தான் அதில் அதிகம்.

வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. மின்னசோட்டா பொருட்காட்சியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுதான் விற்க வேண்டும் என்று 1981-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 1992-ல் நியூயார்க் விமான நிலைய வழக்கில், நின்று காசு கேட்பதைத் தடுக்கலாம், ஆனால் பிரசுரம் கொடுப்பதைத் தடுக்க முடியாது என்றார்கள். பேச்சுரிமை பற்றி அங்கே சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்புகள் இவை.

பிள்ளைகளை மூளைச்சலவை செய்தார்கள் என்று கேஸ் நடந்ததா?

நடந்தது. 1976-ல் நியூயார்க்கில், இளம் வயது பக்தர்கள் இரண்டு பேரை மூளைச்சலவை மூலம் சட்டவிரோதமாகச் சிறைவைத்ததாகக் கோயில் நிர்வாகிகள் மேல் குற்றம் சாட்டப்பட்டது. மறு வருடம் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்து, இது இந்தியாவில் நீண்ட வேர் கொண்ட உண்மையான மதம்தான் என்று எழுதினார். அந்த ஒரு வரி அவர்களுக்கு எத்தனையோ மேடைப் பேச்சுக்குச் சமம். மறுபக்கம், 1983-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ஜூரி, வீட்டைவிட்டு வந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு என்று சொன்னது. மேல்முறையீடுகளில் அது பெருமளவு குறைந்தாலும், கோயில் சொத்துகளே போய்விடும் என்ற பயத்தில் பல வருடம் ஓடியது.

என் அபிப்பிராயம்: பெரும்பாலோர் தாங்களாகவே வந்தார்கள், அதைவிட அதிகம் பேர் தாங்களாகவே வெளியேறினார்கள், ஆகவே மூளைச்சலவை என்பது பெற்றோரின் துக்கத்துக்குக் கிடைத்த ஒரு சுலபமான பெயர். ஆனால் ஒருவர் எங்கே தூங்குவது, யாரைக் கல்யாணம் செய்வது, குழந்தையை எங்கே அனுப்புவது எல்லாவற்றையும் கோயில் தலைவரே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. அதன் விலை அடுத்த இரண்டு பதில்களில் வருகிறது.

பிரபுபாதருக்குப் பிறகு குருமார்கள் சண்டை என்று கேள்விப்பட்டேன், என்ன நடந்தது?

1977 நவம்பர் 14-ல் பிருந்தாவனத்தில் அவர் மறைந்தார். பன்னிரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள், ஆனால் தலைமுறை ஒன்றுதான். மூத்த சீடர்களிலேயே பலருக்கு முப்பது சொச்சம் வயதுதான். 1970-லேயே ஒரு நிர்வாகக் குழு அமைத்திருந்தார், ஜி.பி.சி. என்பார்கள். மறைவதற்குச் சில மாதம் முன்பு, தன் சார்பில் தீட்சை கொடுக்க 11 பேரை நியமித்தார். அவர் போனதும் அந்த 11 பேரும் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு, கோயிலில் பிரபுபாதரின் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே தங்களுக்கும் ஆசனம் போட்டு அமர்ந்தார்கள். பத்து வருடம் தாங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சிலர் விழுந்தார்கள், 1980-களின் நடுவில் உள்ளேயிருந்தே சீர்திருத்தக் குரல் எழுந்து மண்டல முறை ஒழிந்தது. ஆனால் சீடர்களில் பெரும்பகுதி அதற்குள் போயாயிற்று.

மிக மோசமானது மேற்கு வர்ஜீனியாவின் நியூ பிருந்தாவனம். 1979-ல் திறந்த தங்க மாளிகையைப் பார்க்க சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டின. அதை நடத்திய கீர்த்தனானந்தா, அந்தச் செகண்ட் அவென்யூ கடைக்கே வந்த ஆரம்பகாலச் சீடர். 1987-ல் இயக்கம் அவரை வெளியேற்றியது. இரண்டு பக்தர்களின் கொலைகள், மோசடி என்று நீண்ட வழக்கில் 1996-ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

இன்னொரு பிளவு இன்றும் இருக்கிறது. அந்த 11 பேரும் பிரதிநிதிகள்தானே, இன்றும் பிரபுபாதர் ஒருவரே தீட்சை குரு என்பது ரித்விக் தரப்பு. பெங்களூரு கோயில் அந்தப் பக்கம், இஸ்கானின் மும்பை நிர்வாகம் எதிர்ப்பக்கம்.

குருகுலங்களில் குழந்தைகளுக்குக் கொடுமை நடந்தது உண்மையா? கோயில்காரர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

உண்மை. முதல் குருகுலம் 1971-ல் டல்லாஸில். பெற்றோர் புத்தகம் விற்கப் போக, சின்னக் குழந்தைகள் விடுதியில், பயிற்சி இல்லாத, வேறு வேலைக்குத் தோதுப்படாதவர்கள் என்று அனுப்பப்பட்ட ஆட்களின் பொறுப்பில் விடப்பட்டார்கள். அடி, பசி, பாலியல் வன்முறை எல்லாம் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த குருகுலங்களில் நடந்தன. வளர்ந்த பிள்ளைகளே 1990-களில் பேசத் தொடங்கினார்கள். 1998-ல் இயக்கத்தின் சொந்த ஆய்விதழே இதைப் பற்றி ஒரு சமூகவியலாளரின் விரிவான கட்டுரையை வெளியிட்டது, அதே காலத்தில் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகமும் திறந்தார்கள். 2000-ல் பழைய மாணவர்கள் 40 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள், சில கோயில்கள் திவால் பாதுகாப்பு கேட்டு மனு செய்தன, 2005-ல் 90 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்ந்தது.

தாங்களே அச்சில் ஒப்புக்கொண்ட விஷயத்தில் இன்றைய தொண்டர் ஏன் பேச்சை மாற்ற வேண்டும் என்று எனக்குப் புரிவதில்லை.

இப்போது போனால் கோயில் முழுக்க நம்மவர்கள்தான். அந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

மேலே சொன்னதுதான்: குருமார் வீழ்ச்சி, புத்தக வருமானம் சரிந்தது, கோயிலில் தங்கியிருந்தவர்களுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து, வேலை தேடி வெளியே போனது. 1980-களில் பல அமெரிக்கக் கோயில்கள் வாடகைக்கே திண்டாடின. அப்போது யார் வந்தார்கள்? பிரபுபாதர் பாஸ்டனில் இறங்கிய சில வாரங்களில், 1965 அக்டோபர் 3-ல், அமெரிக்க அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆசியர்களுக்கு அதுவரை பெயருக்குத்தான் இடம் இருந்தது, அதன் பிறகு டாக்டர்களும் என்ஜினீயர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். ஊரில் வேறு கோயில் இல்லாத இடங்களில் ராதாகிருஷ்ணர் சந்நிதி ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. பூஜை செய்பவர் அமெரிக்கராக இருந்தால் என்ன, ஆரத்தி நேரத்துக்கு நடக்கிறதே! அவர்களுடைய நன்கொடையில்தான் பல கோயில்கள் கடனிலிருந்து மீண்டன, புதிதாகவும் எழுந்தன. மேற்கில் இயக்கத்தை வளர்த்தது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உழைப்பு, காப்பாற்றியது இந்தியக் குடும்பங்களின் காசு, இதுதான் என் கணிப்பு. “வெள்ளைக்காரன் எல்லாம் இந்து ஆகிவிட்டான்” என்று வாட்ஸ்அப்பில் பூரிக்கிறவர்கள் இந்தப் பாதியைத் தெரிந்துகொண்டு பூரிக்கலாம்.

பிரிட்டனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1972-ல் இடி அமின் உகாண்டாவிலிருந்து விரட்டிய ஆசியர்களில் பெருவாரியானோர் குஜராத்திகள், வைணவப் பழக்கம் உள்ளவர்கள். அடுத்த வருடமே மேனர் கிடைத்தது. ஜன்மாஷ்டமிக்கு ஆயிரக்கணக்கில் கார்கள் அந்தச் சிறு கிராமத்தின் ஒற்றைச் சாலையில் நுழைய, கிராமத்தார் கொதித்தார்கள், உள்ளூர் கவுன்சில் பொது வழிபாட்டுக்கே தடை போட்டது. வழக்கில் கோயில் தரப்பு தோற்றது, 1994-ல் லண்டன் தெருவில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1996-ல் தீர்வு வந்தது: கிராமத்துக்குள் போகாமல் கோயிலுக்குத் தனிச் சாலை. கேட்டால் சாதாரண விஷயம் போலிருக்கும், ஆனால் ஒரு சாலைக்காகப் போராடியதில்தான் பிரிட்டிஷ் இந்துக்களுக்கு அமைப்பாகத் திரளவும், எம்.பி.க்களைப் பார்க்கவும், அரசியல் பேசவும் பழக்கம் வந்தது. 2007-ல் கோயில் கோசாலையில் எழ முடியாமல் கிடந்த கங்கோத்ரி என்ற பசுவை விலங்கு நலச் சங்கத்தார் ஊசி போட்டுக் கொன்றபோது எழுந்த கோபமும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். மறு வருடம் லண்டன் ஹாரோவில் திறந்த கிருஷ்ண அவந்தி, பிரிட்டனில் அரசுப் பணத்தில் நடக்கும் முதல் இந்துப் பள்ளி.

ரஷ்யாவில் ரொம்பப் பேர் என்கிறார்களே? கம்யூனிஸ்ட் நாட்டில் எப்படி?

1971-ல் ஐந்து நாள் விசாவில் பிரபுபாதர் மாஸ்கோ போனார். பொதுக்கூட்டம் எதுவும் இல்லை. ஹோட்டல் அறையில் சந்தித்த அனதோலி பின்யாயெவ் என்ற ஓர் இளைஞருக்கு மட்டும் தீட்சை கிடைத்தது. அந்த ஒருவர் ஊர் ஊராகப் பரப்பினார், பிறகு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1980-களில் பலர் சிறைக்கும் முகாமுக்கும் போனார்கள், ரகசியமாகக் கீதையை அச்சிட்டார்கள். கோர்பச்சேவ் காலத்தில், 1988-ல், சட்டப்படி பதிவு கிடைத்தது.

அத்தோடு முடியவில்லை. 2011-ல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பிரபுபாதரின் கீதை உரையைத் தீவிரவாத இலக்கியம் என்று தடைசெய்யக் கேட்டு அரசு வழக்கறிஞர் மனுப் போட, நம் நாடாளுமன்றத்தில் அமளி. டிசம்பர் 28-ல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அமெரிக்காவில் வேகம் குறைந்த காலத்தில் இயக்கத்துக்கு இளரத்தம் வந்தது ரஷ்யா, உக்ரைன், ஹங்கேரி பக்கமிருந்துதான். ஹங்கேரியில் 1993-லிருந்து கிருஷ்ணா பள்ளத்தாக்கு என்று ஒரு விவசாயக் கிராமமே நடத்துகிறார்கள்.

இவர்கள் தங்களை இந்து என்று சொல்லிக்கொள்கிறார்களா?

யாரிடம், எப்போது கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் ஆத்மாவைப் பற்றிப் பேசுகிறோம், இந்து என்பது உடலுக்கு ஒட்டிய பட்டம் என்கிற தொனியில் பிரபுபாதர் பலமுறை பேசியிருக்கிறார். கிறிஸ்தவ, யூதக் குடும்பப் பிள்ளைகளுக்கு அது வசதியாகவும் இருந்தது, மதம் மாறுகிறோம் என்ற உறுத்தல் இல்லை. ஆனால் நீதிமன்றத்தில், கவுன்சிலில், பள்ளிக்கூட விண்ணப்பத்தில் இந்து என்ற அடையாளம் வேண்டியிருந்தது. மேலே சொன்ன நியூயார்க் தீர்ப்பையும் ஹாரோ பள்ளியையும் பாருங்கள். இதில் தந்திரம் என்று பார்ப்பதைவிட, கூட்டம் மாறியபோது பேச்சும் மாறியது என்று பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் இன்றும் மேற்கத்திய பக்தர்களை விடுவதில்லை. அதே ஜகந்நாதருக்கு 1967 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு லாரியைத் தேராக்கி ரத யாத்திரை நடத்தினார்கள், இப்போது நியூயார்க் ஐந்தாவது அவென்யூவிலேயே தேர் ஓடுகிறது. தங்கள் வசதிக்குத் தோதான தேதியில் தேர் இழுக்கிறார்கள் என்று பூரிக்காரர்களுக்கு வேறு கோபம்.

நம்ம ஸ்ரீவைஷ்ணவத்துக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? நாமம் எல்லாம் போட்டிருக்கிறார்களே.

நமக்கு நாராயணன் மூலம், கண்ணன் அவன் எடுத்த அவதாரம். அவர்களுக்குக் கிருஷ்ணனே மூலம், விஷ்ணு அவனிடமிருந்து வருபவர். வடகலை, தென்கலைச் சண்டையெல்லாம் இதன் முன் சின்ன விஷயம்! குருபரம்பரையை மத்வர் வழியாகச் சொல்வார்கள், ராமானுஜர் வழியாக இல்லை. நெற்றியில் இடுவது கோபிசந்தனம், மூக்குத் தண்டில் துளசி இலை வடிவத்தில் முடியும். ராதை இல்லாமல் வழிபாடே இல்லை.

ஆனால் தொடர்பு இல்லாமலில்லை. சைதன்யர் தென்னிந்திய யாத்திரையில் ஸ்ரீரங்கம் வந்து, வேங்கட பட்டர் என்ற ஸ்ரீவைஷ்ணவர் வீட்டில் மழைக்கால நான்கு மாதம் தங்கினார் என்பது அவர்களுடைய நூல்களிலேயே இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் கோபால பட்டர் பிறகு பிருந்தாவனம் போய், அந்தச் சம்பிரதாயத்தின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவர் ஆனார். நியூயார்க் கோயிலில் ஆறு கோஸ்வாமிகளைப் பாடும்போது நம் காவிரிக்கரைப் பையன் ஒருவர் பெயரும் வருகிறது.

பெண்கள் குருவாக முடியுமா?

ஆரம்ப வருடங்களில் பெண்களுக்கும் தீட்சை கொடுத்து, பூஜை செய்யவும் விட்டார் பிரபுபாதர். இந்திய மடங்களைப் பார்த்தால் அது பெரிய மீறல். 1970-களில் இளம் ஆண் சந்நியாசிகள் கை ஓங்கியதும் பெண்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். 2019-ல் பெண்களும் தீட்சை குருவாகலாம் என்று ஜி.பி.சி. தீர்மானம் போட்டது, இந்தியத் தலைவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். மேற்கு ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம் இழுக்கும் விஷயங்களில் இதுதான் இப்போது பெரியது.

சரி, மொத்தம் மேற்கில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்?

யாரை எண்ணுவீர்கள்? நான்கு விதியும் 16 சுற்றும் விடாமல் செய்கிறவர்களை மட்டும் எண்ணினால் சிறிய கூட்டம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருகிறவர்களைச் சேர்த்தால் பல மடங்கு. ஜன்மாஷ்டமிக் கூட்டத்தைச் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு. அவர்களுடைய கோவிந்தாஸ் உணவகத்தில் சாப்பிடுகிறவர், யோகா வகுப்பில் கீர்த்தனை பாடுகிறவர், 1980-களின் நியூயார்க் ஹார்ட்கோர் இசைக்காரர்களில் கிருஷ்ண பக்திக்கு வந்தவர்கள் (ஆமாம், தலையை மொட்டையடித்துக்கொண்டு கத்திப் பாடும் அதே கூட்டம்தான், அதற்குக் ‘கிருஷ்ணாகோர்’ என்று தனிப் பெயரே உண்டு) என்று விளிம்பில் இருப்பவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? எந்த எண்ணைச் சொன்னாலும், கூட யாரை எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

நான் சும்மா போய்ப் பார்க்கலாமா? சேரச் சொல்லி நச்சரிப்பார்களா?

தாராளமாகப் போகலாம். ஞாயிறு மாலை போங்கள்: கீர்த்தனை, ஒரு சொற்பொழிவு, ஆரத்தி, பிறகு இலவசச் சாப்பாடு. செகண்ட் அவென்யூ கடையில் ஆரம்பித்த அதே வரிசைதான் இன்றும். புத்தக மேசைக்காரர் பேச்சுக் கொடுப்பார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். போன் நம்பர் எழுதிக்கொடுத்தால் மட்டும் ஏகாதசி, கீதை வகுப்பு, ரத யாத்திரை என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். அல்வா கிடைத்தால் இரண்டாவது முறையும் கேட்டு வாங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.